மாடிப்படி பல்புக்கு மாதம் 50 ரூபாய்

2022 மே மாதம், கத்திரி வெயில். பிளஸ் ஒன் தமிழ்ப் பரீட்சை. பத்தேகாலுக்கு எழுத ஆரம்பித்தேன். பதினொன்றரை இருக்கும், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினேன், விரல்களைச் சொடுக்கினேன், மேசைக்கு அடியில் நீவிவிட்டேன். தினமும் கிரைண்டரில் மாவை வழித்துப் போடுகிற கை. அடிபம்பில் தண்ணீர் அடித்து இடுப்பில் குடம் ஏற்றுகிற கை. அந்தக் கைக்கு ஒரு ரெனால்ட்ஸ் பேனாவை மூன்று மணி நேரம் பிடிக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் இருபது வருஷமாக நான் எழுதியதெல்லாம் மளிகைச் சிட்டை, மாவு வாங்கியவர்களின் பாக்கி, பிள்ளைகளின் ரேங்க் கார்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நெட்டுரு எல்லாம் மண்டைக்குள் இருந்தது. கைக்கு வரவில்லை. கடைசி இரண்டு நெடுவினாக்களை விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

குடும்பம், பிள்ளைகள் என்று ஆன பிறகு படிக்கப் போகிறவர்கள் எல்லோரும் "மண்டையில் ஏறுமா" என்றுதான் கேட்கிறார்கள். ஏறும். மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறே எங்கேயோ இருக்கின்றன. நான் மாட்டிக்கொண்ட இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டை நேதாஜி நகர்ப் பக்கம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பக்கத்துக் குடித்தனத்தோடு பொதுவாக ஒரு பாத்ரூம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் ஹைரோட்டில் வண்டி வரிசை கட்டி நின்றால் போனவர் அடுத்த நாள்தான் வருவார். மாமியார் எங்களோடு இருக்கிறார். பெண் ஒன்று, பையன் ஒன்று. நான் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறேன். 2001-ல் பத்தாவது பாஸ். பிளஸ் ஒன் சேர்ந்து ஆறேழு மாசத்தில் அப்பாவுக்கு வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு, நான் நின்றுவிட்டேன். 2005-ல் கல்யாணம்.

திரும்பப் படிக்க வேண்டும் என்று எந்த லட்சியமும் எனக்கு இருந்ததில்லை. கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் இரண்டும் கல்வித் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்கு எட்டாவது. அவள் பாடம் முடிந்ததும் சேனலை மாற்றாமல் எழுந்து போய்விடுவாள். அடுத்து பெரிய வகுப்புப் பாடம் ஓடும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். ஒரு நாள் வணிகவியலில் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி பாடம். கேட்கக் கேட்க, "இதைத்தானே நாம தினமும் பண்றோம், இதுக்கா மார்க் போடுறாங்க" என்று தோன்றியது. அங்கே பிடித்ததுதான்.

முதலில் ஏமாந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு டுடோரியல்காரர், "பன்னெண்டாவது எதுக்கும்மா? நேரா டிகிரியே வாங்கித் தரேன், 18,000 ஆவும்" என்றார். சீட்டுப் பணத்தில் இருந்து 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவரின் தங்கை டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்தான் போனில் கத்தியது: "யக்கா, துட்ட வாங்கினு வந்துடு." விஷயம் இதுதான். பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்குகிற பட்டம் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குச் செல்லாது. 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு போட்ட அரசாணை எண் 107-ம் இதைத்தான் சொல்கிறது: பத்து, பன்னிரண்டு, அதன் பிறகு மூன்று வருஷம் என்ற வரிசையில் வந்திருக்க வேண்டும். வரிசைப்படி வந்தவர்கள் தொலைதூரத்தில் படித்தாலும் பிரச்சினை இல்லை. அறிவுக்காகப் படிக்கிறேன் என்றால் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். அரசு வேலை, பதவி உயர்வு என்று மனசில் ஒரு மூலையில் இருந்தால்கூட, பன்னிரண்டாவதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அந்த 2,000 ரூபாய் திரும்பி வரவில்லை.

ஆகவே பன்னிரண்டாவது. அதைத் தனித்தேர்வராக எழுதலாம் என்பதே பல பேருக்குத் தெரியவில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதற்கென்று சேவை மையங்கள் வைத்திருக்கிறது. அசல் சான்றிதழ்களோடு நேரில் போனால் அங்கேயே ஆன்லைனில் பதிந்துகொடுப்பார்கள். தேதி அறிவிப்பு பேப்பரில் சின்னதாக வரும், கண் வைத்திருக்க வேண்டும். தேதியை விட்டால் தட்கல் என்கிற சிறப்பு அனுமதித் திட்டம் இருக்கிறது, அதற்குத் தனியாக 1,000 ரூபாய் தண்டம் அழ வேண்டும். நான் எழுதியபோது பிளஸ் ஒன்னும் பொதுத்தேர்வு. 2025-26 கல்வியாண்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதனால் நான் போன வழியை அப்படியே பிடிக்காமல், இன்றைக்கு என்ன முறை என்று சேவை மையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவதற்கு டி.சி. வேண்டும். நான் நின்றபோது யாரும் போய் வாங்கவில்லை. இருபது வருஷம் கழித்துப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாலு நடை. ஆள் இல்லை, சாவி இல்லை, ஹெச்.எம். மீட்டிங்குக்குப் போயிருக்கிறார், இப்படி மூன்று நடை வீண். நாலாவது தடவை ஆபீஸ் உதவியாளர் அம்மா ஒருத்தர் பீரோ மேலே இருந்து ரெஜிஸ்டரை இறக்கித் தட்டினார். என் பேர் இருந்தது. எதிரே, நீங்கிய காரணம்: "மேற்கொண்டு படிக்க விருப்பமில்லை."

யாருக்கு விருப்பமில்லை? என்னை யார் கேட்டது? அந்த அம்மாவிடம் சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது, அவர் எழுதியது இல்லை. அந்த வரியை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தேன். டி.சி.யை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். இல்லாவிட்டால் அந்த நாலு நடைக்கு என் பர்ஸ் தாங்கியிருக்காது.

அடுத்தது பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் சேர்ந்திருந்தது. அது போதாதென்று, என் பெயரின் ஆங்கில எழுத்தில் ஆதார்காரர்கள் ஒரு ஹெச் கூட்டிவிட்டார்கள். சான்றிதழில் அந்த ஹெச் கிடையாது. அந்த ஒரு ஹெச்சுக்காக நான் அலைந்தது கொஞ்சநஞ்சம் இல்லை. இதில் ஒரே விதி: பத்தாவது சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். விண்ணப்பம் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். மாற்ற வேண்டியது ஆதாரைத்தான், சான்றிதழை அல்ல. பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் என்றால் அரசிதழில் போட வேண்டிவரும், அது தனிக் கதை. படிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இதை முடித்து வையுங்கள். பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது எந்த இ-சேவை மையத்திலும் டோக்கன் கிடைக்காது.

இனி வீடு.

ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாமல் படிக்கத்தான் பார்த்தேன். ஃபெயில் ஆனால் சிரிப்பார்கள் என்று பயம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்கலாம் என்று எல்லோரும் சொல்லும் யோசனையைத்தான் நானும் பிடித்தேன். நாலு மணிக்குத்தான் எங்கள் தெருவில் தண்ணீர் வரும். தண்ணீர் பிடித்து, டிரம் நிரப்பி, மாவு பாக்கெட்டை ஆறு மணிக்குள் இரண்டு கடைக்குப் போட்டு வந்து உட்கார்ந்தால் புத்தகம் முகத்தில் விழும். "அதிகாலையில் படி" என்று சொல்கிறவர்கள் வீட்டில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்.

மாமியார்தான் உடைத்தார். தண்ணீர் லைனில் ஒரு சண்டை. எதிர்வீட்டு அக்கா என்னை ஏதோ சொல்லிவிட, கிழவிக்குக் கோபம் வந்து, "என் மருமவ பன்னெண்டாவது பரிச்ச எழுதப் போறா, நீ இன்னா கிழிச்ச?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. எனக்குக் கூனிக் குறுகிப் போனது. ஆனால் அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குக் கதை பேச யாரும் கூப்பிடவில்லை. சீட்டுக் கூட்டத்தை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்காவே, "பரிச்ச எப்போ?" என்று கேட்க ஆரம்பித்தது. ஒளித்துப் படித்த ஆறு மாசத்தில் கிடைக்காத நேரம், ஊருக்குத் தெரிந்த ஒரே வாரத்தில் கிடைத்தது.

எட்டிலிருந்து ஒன்பதரை மாமியாருக்கு சீரியல். ஒரே ரூம். நான் மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பல்பு இருக்கிறது, ஓனர் வீட்டு மீட்டரில் ஓடுவது. ஓனர் பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்றாவது நாளே வந்து நின்றார்: "படிக்கிறது நல்ல விஷயம்மா. கரண்டுக்கு மாசம் அம்பது ரூபா கொடுத்துடு." கொடுத்தேன். பையன் பின்னால் ஒரு நாள் சயின்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு தினம் மூன்று மணி நேரம் என்று முப்பது நாள் எரிந்தாலும் ஒரு யூனிட்கூட ஆகாதாம். இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய இடம் என்பதால், மழை நாளில்கூட அதை வீணாக்க மனசு வரவில்லை. படிக்க ஓர் இடத்தைப் பிடித்து, முடிந்தால் அதற்கு ஒரு வாடகையும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் உட்கார்ந்து படித்தால் பத்தாவது நிமிஷம் யாராவது சட்டை எங்கே என்று கேட்பார்கள்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. "படி, யாரு வேணான்னது" என்பார். அதுதான் சிக்கல். வேணாம் என்று சொன்னால் சண்டை போடலாம். படி என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் இருந்து இரண்டு கிலோ சங்கராவை முழுசாகக் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வது? ஆய்ந்து, கழுவி, குழம்பு வைத்து, வறுத்து முடிக்கும்போது மணி இரண்டு. "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று ஆறு மாசம் சொன்னேன். தலையை ஆட்டுவார், அதோடு சரி. ஹெல்ப் என்றால் என்னவென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, அவர் பையை எடுக்கும்போதே சொன்னேன்: "மீன அங்கியே ஆஞ்சு வாங்கினு வாங்க. ஆஞ்சு வர்ல, இன்னிக்கு ரசம்தான்." ஆய்ந்து வந்தது. காசிமேட்டில் அதற்கென்றே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள், முப்பது நாற்பது ரூபாயில் முடிகிற விஷயம். பதினேழு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றே தினத்தாள் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி மாட்டினேன். மோட்டார் போடுவது பையன். பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் மாமியார். யூனிஃபார்ம் அயர்ன் அவரவர். வீட்டுக்காரர் ஊரில் இருக்கிற நாளில் கடைக்கு மாவு போடுவது அவர். வேலையைச் செய்த பிறகு அது சரியில்லை என்று மறுபடி செய்யப் போனால் எல்லாம் திரும்ப நம் தலையில்தான் வந்து விழும். ரப்பர் பேண்ட் கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெண் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ராத்திரி மெதுவாகக் கேட்டாள்: "மா, எங்க ஸ்கூல் சென்டர்ல எழுத மாட்டல்ல?" மாட்டேன் என்றேன். சென்டர் எது என்று ஹால் டிக்கெட் வரும்வரை எனக்கே தெரியாது. வேறே பள்ளிக்கூடம்தான் வந்தது, கடவுள் புண்ணியம்.

பிளஸ் ஒன் ரிசல்ட் ஜூன் கடைசியில். எல்லாம் பாஸ், ஒன்று தவிர. கணக்குப்பதிவியல், 31 மார்க். 35 வேண்டும்.

தெருவில் ஏலச்சீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான்தான். ஒரு பைசா பிசகியதில்லை. அந்தப் பாடத்திலேயே போனது எனக்குத் தாங்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து புத்தகத்தை வெறித்துக்கொண்டிருந்தபோது ஓனர் வந்தார். அம்பது ரூபாய்க்குத்தான் என்று நினைத்தேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொக்கம் வந்தா எந்தப் பக்கம்?" என்றார்.

"வரவு."

"அதான் ஃபெயிலு."

நம் வீட்டுக் கணக்கில் காசு வந்தால் வரவு, போனால் செலவு. பாட்டி காலத்துப் பழக்கம். புத்தகத்தில் அப்படி இல்லை. கடைக்கு ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று. உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை. நான் விதியை மனப்பாடமாகச் சொல்லுவேன். கணக்குப் போடும்போது கை தானாகப் பழைய பக்கம் போய்விடும். "ஆனா பேங்க் பாஸ்புக்ல நாம கட்டுனா வரவுன்னுதானே போடுறாங்க?" என்று கேட்டேன். மனிதர் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். "பாஸ்புக் உன் புக்கா? பேங்க்கோட புக்கு. நீ ஆயிரம் கட்டினா பேங்க் உனக்கு ஆயிரம் கடன்பட்டிருக்கு. கொடுத்தவ நீ. கொடுத்தவங்க கணக்குல வரவு. உன் நோட்டுல எழுதினா அதே ஆயிரம் பேங்க் கணக்குல பற்று. யார் நோட்டுல எழுதுறன்னு மொதல்ல கேட்டுக்கோ."

யார் நோட்டு. இருபத்தைந்து வருஷம் பாஸ்புக்கைப் பார்த்திருக்கிறேன், அது அவர்கள் நோட்டு என்று தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் மேலே பென்சிலில் எழுதிக்கொள்வேன்: இது ராமு நோட்டு, இது சோமு நோட்டு. மாவு வியாபாரத்தையே ஒரு மாசம் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முதல்முறை சரியாக நின்றது. நாம் பல வருஷம் கையால் செய்துவருகிற ஒன்றைப் புத்தகத்தில் படிக்கும்போது அது சுலபமாக இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். பழகிய பாடத்துக்குத்தான் கூடுதல் நேரம் வேண்டும். அடுத்து வந்த துணைத்தேர்வில் பாஸ்.

கை விஷயத்துக்கு வருகிறேன். துணைத்தேர்வு முடிந்த அன்றே தொடங்கினேன். முதல் வாரம் தினம் கால் மணி நேரம், எதையாவது பார்த்து எழுதுவது. பிறகு அரை மணி, ஒரு மணி. பரீட்சைக்கு முந்தின இரண்டு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை முழுத் தாள், நடுவில் எழுந்திருக்காமல். பத்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிஷம் கேள்வித்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிஷம் விவரம் சரிபார்க்க, அதற்கப்புறம் மூன்று மணி நேரம். வீட்டிலும் அதே கணக்கு. பேனாவை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் எனக்கு. கொஞ்சம் தடிமனான பேனாவுக்கு மாறியதும் பாதி வலி போய்விட்டது. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றுக்கும் தாள் அமைப்பு ஒன்றுதான், 90 மார்க்: ஒரு மார்க் இருபது, இரண்டு மார்க் ஏழு, மூன்று மார்க் ஏழு, ஐந்து மார்க் ஏழு. நேரம் இல்லாதவர்கள் முதலில் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு மார்க்கை எல்லாம் முடித்துவிடுங்கள். கிரைண்டர் ஓடும்போதே படிக்கலாம், நோட்டு விரிக்க வேண்டாம்.

2023-ல் எனக்குப் பிளஸ் டூ, மார்ச் 13-லிருந்து ஏப்ரல் 3 வரை. பெண்ணுக்குப் பத்தாவது, ஏப்ரல் 6-லிருந்து 20 வரை. வீட்டில் ஆறு வாரம் புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, பருப்புப்பொடி. மாவு வியாபாரத்தைப் பாதியாகக் குறைத்தேன், அதில் மூவாயிரம் போல துண்டு விழுந்தது. அவள் எனக்கு இங்கிலீஷ் கிராமர் சொல்லிக்கொடுத்தாள், நான் அவளுக்குச் சமூக அறிவியல் ஒப்பித்தல் கேட்டேன். மே மாசம் இரண்டு பேரும் பாஸ். அவள் மார்க் பக்கத்தில் என் மார்க்கைச் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு பி.காம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981-லிருந்து இருக்கிறது. நான் அங்கே சேர்ந்தேன். எங்கே சேர்ந்தாலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அந்தப் படிப்புக்கு அந்த வருஷம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். 2024-க்குப் பிறகு சேர்கிறவர்கள் டெப் ஐ.டி. என்று அந்தப் பிரிவின் அடையாள எண் ஒன்றும் எடுக்க வேண்டும், ஆதார் பெயரை அங்கேயும் கேட்பார்கள். மறுபடி அந்த ஹெச்.

ஃபீஸுக்கு வழி செய்தது மகளிர் உரிமைத்தொகை. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது, மாசம் ஆயிரம். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை மாமியாரின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஃபீஸ் கட்ட மட்டும்தான் கேட்பேன். அவரிடம் இருந்து கேட்டு வாங்குவது பேங்க் மேனேஜரிடம் லோன் வாங்குவதைவிடக் கஷ்டம், அதற்காகத்தான் அங்கே வைத்தது. சனி ஞாயிறு வகுப்புக்குப் பறக்கும் ரயிலில் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான் சேர்ந்த சமயம் பார்த்து, 2023 ஆகஸ்ட் கடைசியில் பீச் ஸ்டேஷனுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் நாலாவது லைன் வேலை என்று நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பதினாலு மாசம் பஸ்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு சின்ன டைரியைப் புரட்டுவேன். இடதுபக்கம் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு. வலதுபக்கம் ஜர்னல், லெட்ஜர், டிரயல் பேலன்ஸ். தமிழில் படித்துவிட்டுக் காலேஜ் பாடத்துக்குப் போகிறவர்கள் முதல் நாளே இப்படி ஒரு டைரி போட்டுக்கொள்வது நல்லது.

நான் சேர்ந்த அந்த 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். முழங்கால் அளவு தண்ணீர் ரூமுக்குள். சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் இருந்தது, தப்பித்தது. என் கைப்பட எழுதிய முதல் வருஷ நோட்டு கட்டிலுக்கு அடியில் இருந்தது, கூழாகிவிட்டது. கரண்ட் வந்த பிறகு ஃபேனுக்குக் கீழே பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயப்போட்டேன். பாதி மைதான் தேறியது. இப்போது எழுதிய அன்றே பெண் போனில் போட்டோ எடுத்து எனக்கு மெயிலில் போட்டுவிடுகிறாள்.

இரண்டாவது வருஷம் ஒரு புதுத் தொல்லை. புத்தகத்தைத் திறந்தால் தூக்கம், தலைவலி. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் நம் லட்சணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஊசியில் நூல் கோக்க முடியாமல் பையனைக் கூப்பிட்டபோதுதான் பொறி தட்டியது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி, எங்கள் பாட்டி கண்புரைக்குப் போனதும் அங்கேதான். வெள்ளெழுத்து என்றார்கள். கண்ணாடி போட்ட அன்று ராத்திரி பதினொரு மணி வரை படித்தேன், தூக்கம் வரவில்லை. நாற்பதை நெருங்குகிறவர்கள் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முழுசாக அப்படி இல்லை. நான் படிக்கட்டில் இருந்த மூன்று வருஷத்தில் பையனைக் கவனிக்க விட்டுவிட்டேன். எட்டாவதில் அவன் கணக்கில் தடுமாறுகிறான் என்று மிஸ் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரிந்தது. பெண் தானாகப் படிக்கிறாள், இவனும் படிப்பான் என்று இருந்துவிட்டேன். இப்போது அவனும் படிக்கட்டுக்கு வருகிறான், நான் மேல்படி, அவன் கீழ்ப்படி. எனக்கு இன்னும் ஒரு பேப்பர் அரியர் நிற்கிறது, வருமான வரி. மண்ணடியில் ஒரு பம்பு செட் கடையில் மத்தியானம் மட்டும் டேலி என்ட்ரி போடுகிறேன், மாசம் 7,000. மாவை முழுசாக விடவில்லை. வீட்டுக்காரர் இன்னமும் "படி, யாரு வேணான்னது" என்றுதான் சொல்கிறார். மீன் மட்டும் ஆய்ந்து வருகிறது.

போன வாரம் ராத்திரி எதிர்வீட்டு அக்கா படிக்கட்டுக்கு வந்தது. தண்ணீர் லைனில் சண்டை போட்டதே, அதே அக்கா. கையில் ஒரு மஞ்சப்பை. கொஞ்ச நேரம் சும்மா பையனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, "பத்தாவது பாஸ் பண்ணி வெச்சிருக்கேன்டி, எங்க ஊட்டாருக்கே தெரியாது" என்று பையை என் மடியில் வைத்தது. உள்ளே நாலாக மடித்த மார்க் ஷீட், மடிப்பில் கிழிந்திருந்தது. ரேஷன் கார்டு, ஆதார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"யக்கா, மொதல்ல ரெண்டையும் பக்கத்துல வையி," என்றேன். "ரெண்டுலயும் எழுத்து ஒண்ணா கீதான்னு பாக்கலாம்."